பழைய கைக்கடிகாரம்: வாங்கும் முன்பும் திறந்த பின்பும்

பழைய வாட்ச் விற்பவர் முதலில் சொல்வது "நல்லா ஓடுது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். எண்ணெய் வற்றி, சக்கர அச்சுகள் தேய்ந்துகொண்டிருக்கும் வாட்சும் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்கும் பத்து நிமிடத்துக்குத் தாராளமாக ஓடும். அதனால் ஓட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். டயல், கேஸ் (வெளிக்கூடு), மிஷின் (உள்ளே ஓடும் இயந்திரம்) மூன்றும் ஒரே வாட்சில் ஒன்றாகப் பிறந்தவையா, பழுதானால் பாகம் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு பார்த்தால் போதும். நின்றுபோயிருந்தாலும் கலப்பில்லாத வாட்சை உயிர்ப்பித்துவிடலாம். மூன்று வாட்சுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஒன்றை எப்பேர்ப்பட்ட கைகாரரும் அசலாக்க முடியாது.

டயலில் இருந்து தொடங்குங்கள். ஒரு பழைய வாட்சின் மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சின்னத் தகட்டில்தான் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று அவசியம். அசல் டயலில் எழுத்தின் விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். மை மேற்பரப்பிலிருந்து மிக லேசாக எழும்பி நிற்கும். மறுபடி பெயின்ட் அடித்து அச்சிட்ட டயலில் எழுத்துகளின் தடிமன் ஒன்றுபோல் இருக்காது, வளைவுகளின் உள்பக்கம் மை ஊறி அடைத்திருக்கும். நிமிடக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வாருங்கள். மணிக்குறியீட்டின் நட்டநடுவில் வந்து சேர வேண்டிய கோடு சற்று விலகி நின்றால் சந்தேகப்பட வேண்டும். 6 மணிக்குக் கீழே ஓரத்தில் இருக்கும் 'ஸ்விஸ்' என்ற பொடி எழுத்தைக் கண்ணாடியின் வளையம் மறைத்தாலும், அந்த எழுத்தே இல்லாமல் போயிருந்தாலும் காரணம் கேளுங்கள். வினாடி முள்ளுக்கு எனத் தனி வட்டம் உள்ள டயல்களில் அந்த வட்டத்தின் மையம் சரியாக முள்ளின் அச்சில் விழ வேண்டும். மறு அச்சில் அதிகம் தவறுவது இந்த இடம்தான்.

டயல் பழுப்பேறுவதும், வார்னிஷில் மெல்லிய வெடிப்பு விழுவதும் வயதின் அடையாளம். அவற்றைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவிய கறை, அதுவும் சாவி எனப்படும் திருகு குமிழின் பக்கமாக 3 மணியில் தொடங்கிய கறை, தண்ணீர் உள்ளே புகுந்ததைச் சொல்கிறது. அப்படிப்பட்ட வாட்சில் டயலுக்குப் பின்னால் துரு காத்திருக்கும். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: அழுக்கு டயலை ஈரத்துணியால் துடைப்பது. அறுபது ஆண்டு நின்ற எழுத்து ஒரே துடைப்பில் துணிக்கு வந்துவிடும்.

இருட்டில் ஒளிரும் பூச்சை நாம் மொத்தமாக ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் ரேடியம் 1960கள் வரைதான். பிறகு டிரிட்டியம் வந்தது, அதுவும் 1990களில் ஓய்ந்தது. டிரிட்டியம் டயல்களில் 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகும் காலம், 12.3 ஆண்டுகள். ஐம்பது ஆண்டில் அதன் வீரியம் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள். பூச்சில் அதனுடன் கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்ஃபைடு செத்துவிட்டதால்தான் பழைய டயல் ஒளிர்வதில்லை. கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. எனவே 1950களின் வாட்ச் என்று காட்டப்படுவது டார்ச் அடித்த பின் மணிக்கணக்காகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்தப் பூச்சு புதியது. முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே நிறத்தில் முதிர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெளிர் முள், காபி நிறப் புள்ளிகள் என்றால் முள் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியம் டயலைச் சுரண்டுவது, ஊதுவது, பூச்சு உதிரும் நிலையில் வீட்டு மேசையில் வைத்துத் திறப்பது எதுவும் வேண்டாம். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து.

கேஸைப் பொறுத்தவரை பாலிஷ்தான் எதிரி. பட்டை கோக்கும் நான்கு கொம்புகளின் விளிம்பும் கூர்மையாக இருக்கிறதா, சோப்புக்கட்டிபோல் மழுங்கிவிட்டதா என்பதைப் பார்த்தாலே எத்தனை முறை தேய்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். தங்க நிற வாட்ச் என்றால் முத்திரையைத் தேடுங்கள். '20 மைக்ரான்' என்றிருந்தால் முலாம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கொம்பின் நுனியிலும் சாவிக்கு அடியிலும் அது முதலில் தேய்ந்து பித்தளையோ வெள்ளை உலோகமோ எட்டிப் பார்க்கும். 750 என்பது 18 காரட், 585 என்பது 14 காரட் முழுத் தங்கம். பழைய சுவிஸ் கேஸ்களில் 18 காரட்டுக்குப் பெண் தலை முத்திரையும் 14 காரட்டுக்கு அணில் முத்திரையும் இருக்கும்.

பின்மூடியைத் திறக்க விடாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. நேரில் திறக்க வழியில்லை என்றால் உள்பக்கத்தின் தெளிவான படத்தையாவது கேளுங்கள். மூடியின் உட்புறத்தில் கேஸின் எண் இருக்கும். அதன் அருகே லென்ஸில் மட்டும் தெரியும் மெல்லிய கீறல் எழுத்துகள் இருந்தால், அவை முன்பு சர்வீஸ் செய்தவர்கள் போட்டுவைத்த தேதியும் குறியும். மூன்று நான்கு கீறல்கள் உள்ள வாட்ச் கவனிப்பாரோடு வாழ்ந்த வாட்ச். பழைய ரோலக்ஸில் வரிசை எண் கேஸின் 6 மணிப் பக்கக் கொம்புகளுக்கு நடுவிலும், மாடல் எண் 12 மணிப் பக்கத்திலும் இருக்கும். பட்டையைக் கழற்றினால்தான் தெரியும். பழைய ஒமேகாவில் வரிசை எண் மிஷின் மீதே இருக்கும்.

சீக்கோ இதில் தாராளம். பின்மூடியில் 6139-6002 என்று இருந்தால் முதல் நான்கு இலக்கம் மிஷின், அடுத்த நான்கு கேஸ். தனியாக உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 1 முதல் 9 வரை எண்ணாகவும், அக்டோபர் 'ஓ', நவம்பர் 'என்', டிசம்பர் 'டி' என்ற ஆங்கில எழுத்தாகவும் வரும். பத்தாண்டு எது என்பதை மிஷினின் காலத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 6139 மிஷின் 1969இல் வந்து 1970கள் முழுக்க ஓடியது, ஆகவே '4என்' என்று தொடங்கும் எண் 1974 நவம்பர். டயலின் அடி ஓரத்திலும் மிஷின் எண் பொடியாக அச்சிட்டிருக்கும். மூடி 6119 என்றும் டயல் 7009 என்றும் சொன்னால் அது சேர்த்துக் கட்டிய வாட்ச். சீக்கோ 5 வகையில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. டயலும் முள்ளும் நேற்று கடையிலிருந்து வந்ததுபோலப் பளபளத்து, ஆழமான ஆரஞ்சு, பச்சை, நீலத்தில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

சுவிஸ் வாட்சுகளில் டயலில் இருக்கும் பெயர் பல சமயம் மிஷின் செய்தவரின் பெயரே இல்லை. நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஏஎஸ், எஃப்எச்எஃப், ஈடிஏ, யூனிடாஸ், பெசூ போன்ற தொழிற்சாலைகளிடம் மிஷினை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. யார் செய்தது என்பதற்கான குறி, இங்கும் அங்கும் ஆடும் சக்கரமான பேலன்ஸ் வீலுக்கு அடியில், கீழ்த் தகட்டின் ஓரத்தில் இருக்கும். கேடயம்போல ஒரு சின்ன முத்திரை, பக்கத்தில் எண். பேலன்ஸ் அசைந்துகொண்டிருக்கும்போது அதன் ஆரங்களுக்கு இடையே எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். வாட்சின் எதிர்காலம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. யாரும் கேள்விப்படாத பெயர் டயலில் இருந்தாலும் உள்ளே லட்சக்கணக்கில் செய்யப்பட்ட மிஷின் இருந்தால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. இன்னொரு செத்த வாட்சை வாங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புகழ்பெற்ற பெயர், ஆனால் சில ஆண்டுகளே செய்யப்பட்ட அரிய மிஷின் என்றால் ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தாலும் மாதக்கணக்கில் தேட வேண்டிவரும். முதல் வாட்ச் வாங்குபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பிராண்டைவிட மிஷினைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

டயலில் எழுதியிருக்கும் கல் கணக்குக்கும், அதாவது தேய்மானத்தைக் குறைக்க மிஷினில் பதிக்கும் கற்களின் எண்ணிக்கைக்கும், பொருள் உண்டு. பேலன்ஸுக்கு 4, அதன் உருளையில் 1, பேலட் ஃபோர்க்கின் (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகப் பிடித்து விடும் கவை) நுனிகளில் 2, அதன் அச்சுக்கு 2, எஸ்கேப் வீலுக்கு (அந்தக் கவை பிடித்து விடும் சக்கரம்) 2, நான்காம் சக்கரத்துக்கு 2, மூன்றாம் சக்கரத்துக்கு 2 என்றால் 15. நடுச் சக்கரத்துக்கும் 2 வைத்தால் 17. சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்கு 17 முழு நிறைவு. அதற்கு மேல் ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறுவது), தேதி போன்ற கூடுதல் வேலைகளுக்குத்தான் தேவை. 1960களில் விளம்பரத்துக்காக வேலையில்லாத கற்களைப் பதித்து எண்ணிக்கையை ஏற்றிய வாட்சுகளும் உண்டு. கல்லே இல்லாத அல்லது ஒரே கல் உள்ள, இரும்பு ஊசிகளால் தட்டும் மலிவு மிஷின்களும் ஏராளமாக வந்தன. அவற்றின் சத்தம் தகரத்தில் தட்டுவதுபோல் உரக்கக் கேட்கும். நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், பழுதுபார்க்கச் செலவழிக்க வேண்டாம்.

இப்போது ஓட்டத்துக்கு வரலாம். வாட்சை முழுவதும் நிறுத்தி, பிறகு மெதுவாகச் சாவி கொடுங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே பேலன்ஸ் தானாக ஆடத் தொடங்கினால் நல்ல அறிகுறி. குலுக்கினால்தான் கிளம்பும் என்றால் உள்ளே பிசின் பிடித்திருக்கிறது. சாவி சுற்றும்போது கிளிக் கிளிக் என்று சீராகப் பிடிக்க வேண்டும், வழுக்கி விடக் கூடாது. சாவியை இழுத்து முள்ளை ஒரு முழு நாள் சுற்றிப் பாருங்கள். முள் வெண்ணெயில் போவதுபோல் இலகுவாகச் சுற்றினால் நிமிட முள்ளைத் தாங்கும் குழலான கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது. மிஷின் சரியாக ஓடும், முள் மட்டும் பின்தங்கும். தேதி உள்ள வாட்சில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் தேதியைத் தனியாக மாற்றாதீர்கள். பற்கள் கோத்துக்கொண்டிருக்கும் நேரம் அது, பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் பல் முறிந்தே போகும்.

ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி கிடைத்தால் வைத்துப் பாருங்கள். அது மூன்று எண் தரும். ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது முதலாவது. பலரும் இதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வேகத்தைத் திருத்தும் ரெகுலேட்டரை நகர்த்தி எந்தச் சீக்கான வாட்சையும் பத்து நிமிடத்துக்குச் சரியாக ஓட வைக்க முடியும். இரண்டாவது எண்ணான வீச்சுதான் உடல்நிலையைச் சொல்வது. பேலன்ஸ் ஒரு பக்கம் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பது அது. முழுச் சாவியில், படுக்கை நிலையில், சர்வீஸ் ஆன மிஷின் 270 முதல் 300 டிகிரி காட்டும். நிமிர்த்திப் பிடித்தால் 20 முதல் 40 டிகிரி குறையும். 200க்குக் கீழே இருந்தால் ஓடுவது போலத் தெரிந்தாலும் சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது, டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள வித்தியாசம். ஒரு மில்லிவினாடிக்குள் இருந்தால் பழைய வாட்சுக்குப் போதும். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் (பேலட் ஃபோர்க் பேலன்ஸைத் தள்ளும் கோணம்) என்ற அளவைச் சரியாகப் போடாவிட்டால் வீச்சுக் கணக்கு பொய்யாகிவிடும். பல மிஷின்களுக்கு 52 டிகிரி பொருந்தும், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை.

"அதிகமாகச் சாவி கொடுத்து இறுகிப்போச்சு" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சாவி முழுதாக ஏறி நின்றிருக்கும் வாட்சில் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துவிட்டது. எண்ணெய் பசையாகி சக்கரங்கள்தான் சுற்ற மறுக்கின்றன. சுத்தம் செய்தால் ஓடும். இதற்கு நேர்மாறாக, எவ்வளவு சுற்றினாலும் முடிவே வராத சாவி, ஆட்டோமேட்டிக் அல்லாத வாட்சில், விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங் அறுந்ததைக் காட்டும். நீல நிற எஃகு ஸ்பிரிங் காலத்து வாட்சுகளில் இது அடிக்கடி நடக்கும். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் காந்தம் ஏறியிருக்கிறது. பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும். வாட்சை ஒரு திசைகாட்டியின் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோனால் ஊசி துள்ளும். காந்தம் நீக்கும் கருவி சிறியது, எளியது. பொத்தானை அழுத்தியபடியே வாட்சை ஒரு கை நீளத்துக்கு மெல்ல விலக்கி, விலகிய பிறகே பொத்தானை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் காந்தம் கூடிவிடும்.

மிக வேதனையான பழுது பேலன்ஸ் அச்சு உடைவது. அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன். ஒருமுறை தரையில் விழுந்தால் போதும். 1934இல் வந்த இன்காப்ளாக், அதைப் போன்ற பிற அதிர்வு தாங்கிகள் கல்லைச் சிறு ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டு இதைத் தடுத்தன. இன்காப்ளாக் ஸ்பிரிங் யாழ்போன்ற வடிவில் பேலன்ஸின் நடுவில் தெரியும். அது இல்லாத வாட்சில் பேலன்ஸ் தள்ளாடி ஆடினால் அச்சு போய்விட்டது என்றே கொள்ளலாம். குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) என்றால் ஓட்டவும் நிறுத்தவும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும் செய்து பாருங்கள். சர்வீஸ் செலவு சாதாரண வாட்சின் பல மடங்கு. பழைய குவார்ட்ஸில் பேட்டரி கசிந்த பச்சைக் கறைதான் முதல் கவலை, காயில் (கம்பிச் சுருள்) அறுந்திருப்பது அடுத்தது.

சுயமாகப் பழுதுபார்க்க விரும்புகிறவர்கள் சொந்தப் பாட்டனார் வாட்சில் கை வைக்காமல், செத்துப்போன ஏதாவதொரு மலிவு மிஷினில் நான்கைந்து முறை பிரித்துக் கோத்துப் பழக வேண்டும். மிஷினின் திருகுக்கு ஏற்ற அகலத்தில் நுனி தீட்டிய திருப்புளி, நுனி சேர்ந்து நிற்கும் ட்வீசர், லென்ஸ், மிஷின் தாங்கி, காற்றுப் பந்து, முள் எடுக்கும் கருவி இவை போதும். திருப்புளி நுனி காடியில் முழுதாக அமரவில்லை என்றால் வழுக்கித் தகட்டில் கீறல் விழும். பழைய மிஷின்களில் நீங்கள் பார்க்கும் கீறல்களில் பாதி இப்படி விழுந்தவை.

எதைத் தொடும் முன்பும் மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குங்கள். சாவியை விரலில் இறுகப் பிடித்து, கிளிக்கை (விசை திரும்பி இறங்காமல் தடுக்கும் சிறு கொக்கி) ட்வீசரால் விலக்கி, சாவியை விரலுக்குள்ளேயே சிறிது சிறிதாகப் பின்னோக்கி நழுவ விட வேண்டும். இதை மறந்து பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால் சேர்ந்திருந்த விசை முழுதும் ஒரு நொடியில் சக்கரங்கள் வழியாகப் பாய்ந்து பல்லையோ அச்சையோ முறிக்கும். அடுத்து ஸ்டெம், அதாவது சாவியின் தண்டு. பழைய மிஷின்களில் அதைப் பிடித்திருக்கும் திருகை ஒன்று, மிஞ்சினால் இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றினால் டயலுக்குக் கீழே, ஸ்டெம்மைப் பிடிக்கும் செட்டிங் லீவர் விழுந்துவிடும். அதை மறுபடி வைக்க டயலையும் முள்ளையும் எடுத்தாக வேண்டும். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறார்கள். சாவிச் சக்கரத்தின் திருகு பெரும்பாலும் இடப்புற மரை. தலையில் மூன்று கோடு இருந்தால் அதுதான். வராத திருகை வலுவாகத் திருப்பும் முன் எதிர்த்திசையில் முயன்று பாருங்கள்.

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய நாஃப்தா எனப்படும் வெள்ளைப் பெட்ரோல் வகை போதும். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் ஊறப்போட வேண்டாம், அவற்றின் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு. ஆல்கஹாலில் அது கரையும். கல் துளைகளைக் கூர்சீவிய மெல்லிய மரக்குச்சியால் குடைந்து, குச்சியின் நுனி வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். எந்தத் திரவமும் இந்த வேலையை முழுதாகச் செய்வதில்லை. மெயின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் புதிது போடுவதே நல்லது. அகலம், தடிமன், நீளம், அதன் டப்பியின் உள்விட்டம் நான்கும் பொருந்த வேண்டும். கையால் சுற்றி நுழைத்தால் சுருள் கூம்பாகக் கோணி, டப்பியின் மூடியில் உரசும்.

சக்கரங்களை அடுக்கி, அவற்றின் மேல் தகடான பாலத்தை மூடியதும், பேலட் ஃபோர்க் வைக்கும் முன், சாவியை ஒரே ஒரு கிளிக் ஏற்றிப் பாருங்கள். சக்கரங்கள் தடையின்றிச் சுழன்று, நிற்கும் தருணத்தில் சற்றே பின்னோக்கித் திரும்பினால் எல்லாம் சுதந்திரமாக இருக்கிறது. தயங்கி நின்றால் எங்கோ அழுக்கோ கோணலோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

எண்ணெயில் குறைவே நன்மை. பேலன்ஸ், எஸ்கேப் வீல் போன்ற வேகமான அச்சுகளுக்கு மோபியஸ் நிறுவனத்தின் 9010 போன்ற மெல்லிய எண்ணெய். நடுச் சக்கரத்துக்கும் டப்பியின் அச்சுக்கும் கெட்டியானது. சாவிப் பகுதிக்குக் கிரீஸ். பேலன்ஸ் அச்சின் நுனியைத் தாங்கும் மூடிக் கல்லில் எண்ணெய்ப் பொட்டு கல்லின் விட்டத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பரவினால் சரி. அதைத் தாண்டினால் கல்லின் விளிம்பு வழியாக இழுக்கப்பட்டு நடுவே காய்ந்துபோகும். பேலட் ஃபோர்க்கின் அச்சுகளுக்கும் ஹேர் ஸ்பிரிங்குக்கும் சக்கரப் பற்களுக்கும் எண்ணெய் கிடையாது. ஆனால் பேலட் கற்களின் தட்டும் முகத்துக்கு அதற்கென உள்ள மோபியஸ் 9415 கட்டாயம். அதை விட்டால் வீச்சு ஏறாமல் தவிப்பீர்கள்.

வாட்சை ஒரு நாள் ஓட விட்ட பிறகு, வேகத்தைத் திருத்தும் ரெகுலேட்டரை மயிரிழை அளவு மட்டும் நகர்த்துங்கள். மணிக்கு 18,000 அதிர்வு உள்ள மிஷின் ஒரு நாளில் 4,32,000 முறை தட்டுகிறது. அதில் 30 வினாடி பிழை என்பது பத்தாயிரத்தில் மூன்றரைப் பங்குதான். அறுபது வயது மிஷின் இதற்குள் நின்றால் அதை மேலும் துரத்தாதீர்கள், அடிக்கடி தொடத் தொட ஹேர் ஸ்பிரிங் கெடுவதற்கான வாய்ப்புதான் கூடும்.

கண்ணாடி அக்ரிலிக் என்றால் கீறலை மெருகுப் பசையால் தேய்த்துப் போக்கலாம், வெடிப்பைப் போக்க முடியாது. புதியதை விட்டத்தின் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்து வாங்க வேண்டும். இறுக்கமாக அமரவில்லை என்று சூப்பர் குளூ வைத்தால் அதன் ஆவி கண்ணாடியிலும் டயலிலும் வெண்படலமாகப் படியும். மிஷினைக் காப்பாற்றிய கையாலேயே டயலைக் கெடுத்த கதையாகிவிடும். பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். சாவிக்குள் இருக்கும் வளையமும் கல்லாகியிருக்கும், அதையும் மாற்றுங்கள். மூடியில் 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருந்தாலும், கை கழுவும்போது கழற்றி வையுங்கள்.